அட்டையை எங்கே மாட்டுவது?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. நீங்களாகக் கண்டுபிடித்து என் மூக்கை உடைப்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுது பார்க்க வரும் மெக்கானிக், எங்கள் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னது. டீ என்னுடையது. அதற்கு மேல் எதற்கும் நான் உரிமை கொண்டாடவில்லை.

அன்று காலை லிஃப்ட் நின்றுவிட்டது. ஆபீசிலிருந்து ஒரு பாகம் வர வேண்டும், அதுவரை வேலை நகராது என்றார். கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் பெல்ட்டில் கருவிகளுக்கு நடுவே ஒரு பூட்டும் சிவப்பு அட்டையும் தொங்கின. அட்டையில், ‘ஆள் வேலை செய்கிறார். சுவிட்ச் போடாதே.’ எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்தவர் இடுப்பில் தொங்குவதைக்கூடச் சும்மா விடமாட்டோம். என்ன அது என்று கேட்டேன்.

“இதே மாதிரி ஒண்ணு இப்ப மேல மெஷின் ரூம்ல தொங்குது மேடம். மெயின் சுவிட்ச அணைச்சு, பூட்டு போட்டு, அட்டைய மாட்டிட்டுத்தான் நாங்க உள்ள கையே வைப்போம். நான் லிஃப்ட் குழிக்குள்ள இருக்கும்போது எவனாவது தெரியாம சுவிட்ச் போட்டா, நான் காலி.”

“சாவி?”

“என் பாக்கெட்ல. மாட்டினவன்தான் கழட்டணும். எங்க முதலாளியே வந்தாலும் தொட முடியாது.” டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு நான் கேட்காமலே, “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு” என்றார்.

“உங்க வீட்ல லிஃப்ட் இருக்கா?”

“இல்ல மேடம். நான் இருக்கேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மீதியைக் கேட்டுவிட்டு, எழுதலாமா என்றேன். எழுதுங்க, பேர் மட்டும் வேணாம் என்றார். பிறகு வீட்டுக்காரியைக் கேட்கணும் என்று அங்கேயே போன் போட்டார். அந்த அம்மாள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். வந்தவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி பிரேமை வளைத்துக் கொடுக்கும் வேலை. ஸ்பீக்கரில் அவர் குரல் தெளிவாக வந்தது.

“தாராளமா எழுதட்டும். ஆனா இவர நல்லவராவும் எழுதக்கூடாது, கெட்டவராவும் எழுதக்கூடாது.”

எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மாலையானால் அந்த வீட்டின் மேல் ஓர் இருள் கவியும்.

[அடித்துவிட்டேன். மாலையானால் எல்லா வீட்டின் மேலும்தான் இருள் கவியும்.]

இரண்டாவது முயற்சி:

பெரிய மீசை. சிவந்த கண்கள். கதவை உதைத்துத் திறந்துகொண்டு அவன் உள்ளே

[இதையும் பாதியில் விட்டேன். மெக்கானிக்குக்கு மீசையே இல்லை. குடிப்பழக்கமும் இல்லை. கதவைச் சாவி போட்டுத்தான் திறப்பார்.]

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “மீசைய எதுக்கு எடுத்த? நல்லா பயமா இருந்துச்சே. கடைசில போலீஸ் வந்து கொத்தா தூக்கிட்டுப் போகட்டும்” என்றார். நியாயமான ஆசைதான். எனக்கும் ஒரு வில்லன் கிடைத்திருந்தால் எவ்வளவோ சௌகரியம். மீசை வைத்த அரக்கனைப் பற்றிப் படித்துவிட்டு, ‘நல்லவேளை, நம்ம வீட்டில் அப்படி இல்லை’ என்று புத்தகத்தை மூடிவிட்டு நீங்கள் நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம்.

மெக்கானிக்கை அவர் குடியிருக்கும் கட்டடத்தில் எல்லோரும் தங்கமான மனுஷன் என்பார்களாம். மகளுக்குத் தலை பின்னி விடுவது அவர்தான். டிபன் பாக்ஸ் கட்டுவதும் அவர்தான். மகளை அடித்ததும் அவர்தான். மூன்றுக்கும் ஒரே கைதான், என்ன செய்வது? மூன்றாவது வாக்கியத்தை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. எழுதிவிட்டேன்.

மகளைப் பட்டாசு என்று கூப்பிடுவார்கள். சிரித்தால் அப்படி வெடித்துச் சிரிப்பாளாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் வயது.

3

ஏன் அடித்தார்?

இந்தக் கேள்விக்கு நான் ஒரு பெரிய பத்தி தயார் செய்து வைத்திருந்தேன். சிறு வயதில் அவர் வாங்கிய அடி, அவருடைய அப்பா, இத்யாதி. அவர் அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டார். “எங்கப்பா என்ன விரல் நுனியாலகூடத் தொட்டதில்ல மேடம். அவர் மேல பழி போடாதீங்க.” பத்தி போயிற்று.

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்ததும் முதலில் பார்க்கும் முகம் மெக்கானிக்கின் முகம். ஆகவே வசவு முழுவதும் அந்த முகத்துக்கே. காப்பாற்றியவனைத் திட்டுகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றாது. நாள் முழுக்க “சாரி சார், சாரி மேடம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவார். மகளின் ஒரு ஷூ சோபாவுக்கு அடியில் கிடக்கும், இன்னொன்று குளியலறை வாசலில். அவள் முதுகில் ஒன்று வைப்பார். ‘ஒரு தட்டு’ என்றுதான் அவர் முதலில் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “தட்டு இல்ல மேடம், அடிதான்” என்று தானே திருத்திக்கொண்டார்.

“கஸ்டமர அடிக்க முடியுமா? முதலாளிய அடிக்க முடியுமா? நாள் பூரா பாத்த ஆளுங்கள்ல திருப்பி அடிக்காத ஒரே ஆளு அவதான்.”

என் டம்ளரைக் கீழே வைத்தேன். 

அந்த அம்மாள் ஏன் தடுக்கவில்லை? அதையும் கேட்டேன், போனில். “எங்க அம்மா வீட்ல எனக்கு விழுந்ததுல இது கால்வாசிகூட இல்லக்கா. அதனால எனக்குப் பெருசா தெரியல. அத நினைச்சாத்தான் எனக்கு இப்ப ஆத்திரமா வருது” என்றார்.

(இந்த இடத்தில் என் தங்கையை உள்ளே விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கதை முழுவதையும் படித்துவிட்டுச் சொன்னாள்: “காரணத்த எழுதுக்கா, வேணாங்கல. அத மன்னிப்பு மாதிரி எழுதாத. இன்னொண்ணு. இந்த மனுஷன் அடிக்கறதத் தானா நிறுத்தினாரு. நிறுத்தாத ஆளுங்களும் இருக்காங்க, எங்க வார்டுக்கு வந்து பாரு. அங்கெல்லாம் அட்ட கிட்ட வேலைக்கு ஆகாது. பூட்ட வெளி ஆளு யாராவது போடணும். டாக்டரோ டீச்சரோ போலீசோ, பக்கத்து வீட்டுக்காரங்களோ. கதையப் படிச்சிட்டு எவங்களாவது அட்ட வாங்கி மாட்டிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கப் போறாங்க.” சொன்னபடியே போட்டுவிட்டேன் தாயே.)

4

அடி நின்றது எப்படி?

ஒரு நாள் அவர் கொஞ்சம் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அவர்கள் கட்டடத்து லிஃப்ட் அந்த மாடியில் வந்து நிற்கும் சத்தம் உள்ளே கேட்கும். அன்று அது பழுது. (“அந்த லிஃப்ட் வேற கம்பெனி மேடம்” என்று அவசரமாகச் சொன்னார். தொழில் மானம்.) படியேறி வந்து, கையில் சாவியுடன் கதவுக்கு வெளியே நின்றவருக்கு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாவும் மகளும் கண்ணாடிக் கடை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பட்டாசுதான் கஸ்டமர்.

“ஐயய்யோ, இத போட்டா என் மூக்கே எனக்குத் தெரியலயே!”

“மூக்கு தெரியறதுக்கு எதுக்கு மேடம் கண்ணாடி?”

“எனக்கு அதான் வேணும்! பெருசா தெரியணும்!”

வெளியே நின்று இவரும் சிரித்தார். சாவியைப் போட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

உள்ளே போனால் ஷூ இரண்டும் ஜோடியாக இருக்கின்றன. மகள் புத்தகத்தை விரித்து வைத்துக் குனிந்திருக்கிறாள். மனைவி அடுப்படியில். முந்தின நாள் வரை இந்தக் காட்சியைப் பார்த்து அவர் பெருமைதான் பட்டாராம், பிள்ளைக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று.

ஆனால் அன்று தொழில்காரரின் காது விழித்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்தது நின்றால், எந்த இடத்தில் நின்றது என்று பார்ப்பவர்தானே அவர். ஒரு சாமான் மறந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தார். படிக்கட்டில் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கடை மறுபடி திறந்தது. மூக்கு, கண்ணாடி, வெடிச்சிரிப்பு. மெல்லப் போய் பூட்டில் சாவியை நுழைத்தார், திருப்பவில்லை. சத்தம் நின்றது.

“கோளாறு உறுதியாயிடுச்சு மேடம். சாவிதான்.”

“சாவியா?”

“சாவி வச்சிருக்கிறவன்.”

இங்கே ‘அவர் கண்களில் நீர் திரண்டது’ என்று எழுதக் கை துறுதுறுத்தது. அப்படி நடக்கவில்லை. அவருக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் மனைவி மேல். என் பிள்ளையை எனக்கு எதிராகத் திருப்பிவிடுகிறாளா என்று. படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம், அந்தக் கோபம் வெட்கமாக மாறும் வரை. மறுநாள் மகள் பள்ளிக்குப் போன பிறகு மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “இப்பதான் உங்க காதுல விழுந்துச்சா?”

5

அட்டை யோசனை அவருடையது.

“கோவம் வர்றது எனக்கு முன்னாடியே தெரியும் மேடம். காது சூடாகும். அந்த நேரத்துல அணைக்க ஒண்ணு வேணும்.”

பழைய அட்டை ஒன்றைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். காது சூடானால் அதை மாட்டிவிட்டு அந்த இடத்தை விட்டுப் போய்விடுவார். அந்த நேரம் ஒருவரும் அவரிடம் பேசக்கூடாது. கோபம் இறங்கிய பிறகு அவரே வந்து கழற்றுவார். மாட்டினவர்தான் கழற்ற வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. மகளையும் உட்கார வைத்து விளக்கினார். எங்கே மாட்டுவது? மகளின் அறைக் கதவில். தான் உள்ளே போகக்கூடாது என்று தனக்கே ஞாபகம் வரட்டும் என்று.

வேலை செய்தது. உண்மையாகவே செய்தது. கைப்பிடியில் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு விறுவிறு என்று படியிறங்கித் தெருவில் ஒரு சுற்று சுற்றி வருவார். அடி நின்றது. மூன்று பேருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

நான் எழுதும் கதையாக இருந்திருந்தால் இங்கேயே முடித்திருப்பேன். கருவி கிடைத்தது, கதவு காப்பாற்றியது, சுபம். நல்லவேளை, இது என் கதை இல்லை.

ஒரு விடுமுறை நாள். பட்டாசு அப்பாவின் பையிலிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, வீட்டிலிருந்த நாற்காலிக் கால்களுக்கெல்லாம் சுற்றிவிட்டாள். நாற்காலிகளுக்குக் காலில் அடிபட்டுவிட்டதாம். டேப் மிச்சமே இல்லை. இவருக்குக் காது சூடானது. அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார். அம்மா துணி மடித்து எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனார்.

கதவில் அட்டை இல்லை.

பட்டாசு கட்டில் விளிம்பில், இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அட்டையின் கயிறு அவள் கழுத்தில் இருந்தது.

“அத ஏண்டா எடுத்த? அப்பா மாட்டினத அப்பாதானே எடுக்கணும்?”

“அப்பா இடம் மாத்தி மாட்டிட்டாரும்மா. கதவு நல்லாத்தான் இருக்கு. நான்தான் ரிப்பேர்.”

இதை அந்த அம்மாள் என்னிடம் போனில் சொன்னபோது நடுவில் கடையில் யாரோ பிரேம் கேட்கும் சத்தம் வந்தது. “அடி வாங்கினப்பகூட அவ அப்படி உக்காந்ததில்லக்கா” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. ஆசிரியர் அழக்கூடாது என்று எங்கும் விதி இல்லை.

6

தெருவைச் சுற்றிவிட்டு அவர் திரும்பி வந்தார். வாசலிலேயே மனைவி நிறுத்தினார். இந்த உரையாடலை இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒரு சொல்கூட மாறவில்லை, அதனால் நானும் கை வைக்கவில்லை.

“உங்க வேலைல அட்டைய எங்க மாட்டுவீங்க?”

“மெயின் சுவிட்ச்ல.”

“ஏன், ஆளுங்க ஏறி இறங்கற பெட்டில மாட்டினா என்ன?”

“பெட்டில மாட்டி என்ன பிரயோஜனம்? கரண்ட் எங்கிருந்து வருதோ அங்கதான மாட்டணும்.”

“நம்ம வீட்ல எங்கிருந்து வருது?”

அவர் உள்ளே போனார். மகள் கட்டிலில் இருந்த கோலத்தைப் பார்த்தார். “புதுசா வேலைக்கு வந்தவன் பண்ற தப்பு மேடம். அத நான் பண்ணியிருக்கேன், அதுவும் என் வீட்ல” என்றார் என்னிடம். மகள் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். அட்டையைத் தன் சட்டைப் பாக்கெட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டார். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

பட்டாசு எழுத்துக் கூட்டிப் படித்தாள். “ஆள்... வேலை... செய்... செய்கிறார். யாருப்பா ஆளு?”

“நான்தான்.”

“அப்ப ரிப்பேர் யாரு?”

“அதுவும் நான்தான். நீ நல்லாத்தான் இருக்க. நீ எப்பவுமே நல்லாத்தான் இருந்த.”

அவள் யோசித்தாள். மெக்கானிக் வீட்டுப் பிள்ளை அல்லவா, கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டாள்.

“சரியாகறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?”

“தெரியலயே.”

“பார்ட்ஸ் வரணுமா?”

அவர் சிரித்துவிட்டார். கொஞ்சம் தயங்கிவிட்டு அவளும் வெடித்தாள். அடுப்படியில் நின்றிருந்த அம்மா, அங்கேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காரலாம் என்றால், எல்லா நாற்காலிக்கும் அன்று காலில் கட்டு.

7

இந்தப் பகுதியின் முதல் வடிவம் இப்படித் தொடங்கியது:

அதன் பிறகு அவர் கை ஓங்கவே இல்லை.

எழுதியதைப் படித்துப் பார்க்கட்டும் என்று நானே அவர்களை வீட்டுக்கு அழைத்தேன். மூவரும் வந்தார்கள். பட்டாசு வந்த உடனே என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் வேண்டும் என்று கேட்டவர், அவள் சைக்கிளுக்குச் சிக்னலில் நின்று கைகாட்டும் போலீசாக ஹால் நடுவில் நிறுத்தப்பட்டார். சைக்கிள் என்பது எங்கள் வீட்டுத் தலையணை.

அந்த அம்மாள் ஒவ்வொரு தாளாகப் படித்தார். இந்த வரிக்கு வந்ததும் விரலை வைத்தார்.

“இது பொய்க்கா.”

மெக்கானிக் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவரே சொன்னார். “ஒரு தடவ மேடம். அட்ட பாக்கெட்லதான் இருந்துச்சு. எடுத்து சட்டைமேல மாட்டல. கை போயிடுச்சு.”

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன்? இவ்வளவு பக்கம் இவரோடு நடந்து வந்த பிறகு இப்படிச் செய்துவிட்டாரே என்று. [இந்தச் சம்பவத்தை விட்டுவிடலாமா என்றும் ஒரு கணம் யோசித்தேன். கதை அழகாக இருந்திருக்கும்.]

“அப்புறம்?”

“அவ உயரத்துக்கு இறங்கி உக்காந்தேன். தப்பு என்னோடது, உன்கிட்ட ஒரு கோளாறும் இல்லன்னு சொன்னேன். அழுதுட்டுத்தான் இருந்தா. அழுதுட்டே சொல்றா, ‘தெரியும்ப்பா. நான் ரிப்பேர் இல்ல. நீங்க போய் அட்டைய மாட்டுங்க’ன்னு.”

இதை அவர் சொல்லி முடித்தபோது அந்த அம்மாள் அவர் முழங்கையைத் தொட்டார். எனக்கோ, வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அடி வாங்கிய பிள்ளை, அடித்தவரிடம் நிமிர்ந்து, கோளாறு என்னிடம் இல்லை என்று சொல்கிறாள். கட்டில் விளிம்பில் ஆடாமல் உட்கார்ந்திருந்த அதே பிள்ளை. நான் எதையாவது கொண்டாட வேண்டும் என்றால் இதைத்தான் கொண்டாடுவேன்.

ஆகவே அந்தப் பொய் வரியை அடித்துவிட்டு, வேறு முடிவுகளை அவர்கள் முன் கடை விரித்தேன்.

பட்டாசு வளர்ந்து பெரிய ஆளாகி மேடையில் அப்பாவுக்கு நன்றி சொல்வது போல ஒரு முடிவு. “சினிமாவா எடுக்கறீங்க?” என்றார் அம்மா.

இப்போதெல்லாம் சாவிச் சத்தம் கேட்டால் சிரிப்பு இன்னும் பெரிதாகிறது என்று ஒரு முடிவு. “சில நாள் ஆகுது. சில நாள் இன்னமும் சட்டுன்னு அமைதியாயிடுவா, அப்புறம் ஓடி வருவா. ரெண்டையும் போடுங்க” என்றார்.

சரி, அவர் திருந்திவிட்டார், மூவரும் நன்றாக இருக்கிறார்கள், அவ்வளவுதான், முற்றும் என்று எழுதிவிடட்டுமா என்றேன். அலுப்பில் கேட்டதுதான்.

அந்த அம்மாள் தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தார். பிரேமை மூக்கில் வைத்துச் சரிபார்ப்பது போல ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்.

“நல்லா இருக்கோம்னு எழுதுங்கக்கா. இருக்கோம். ஆனா முடிஞ்சிடுச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. எழுதினா இவரு நம்பிடுவாரு.”

மெக்கானிக் சிரித்தார். “நம்பிடுவேன் மேடம்” என்று தலையாட்டினார்.

8

அதனால் முடிவு கிடையாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் வீட்டில் இன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நாளை என்ன நடக்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

உங்கள் வீட்டைப் பற்றி வேண்டுமானால் எனக்கு ஒன்று தெரியும். இதைப் படித்து முடித்துவிட்டு எழுந்து போவீர்கள். நாள் பூராவும் யார் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்ட களைப்பு உங்களுக்கும் இருக்கும். இன்றோ நாளையோ உங்கள் வீட்டில் எதையாவது ஒரு சின்னக் கை தட்டிவிடும். பாலோ, தண்ணீரோ, நீங்கள் துடைத்து வைத்த தரையில் ஒரு கிண்ணம் நிறையக் குழம்போ கொட்டும். கொட்டிய அந்த நொடியில் பிள்ளை தரையைப் பார்க்க மாட்டாள். நிமிர்ந்து உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள்.

அங்கிருந்து நீங்கள் எழுதுங்கள்.